வாவிக்கு இரண்டு கரை, எனக்கு இரண்டு மண்

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாக எழுதியிருக்கும். நானும் அப்படித்தான் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் அம்பிளாந்துறைப் பக்கமிருந்து வாவியைக் கடந்து, கிழக்கே கடல் பக்கமுள்ள எழுவான்கரைக்கு வந்தவன். மனைவிக்கு வந்த தோட்டம் களுதாவளையை அண்டிய கடற்கரை மணலில் அரை ஏக்கர். அக்கரையில் அப்பா விட்டுப்போன, வயலோரத்து மேட்டுக்காணி ஒன்றரை ஏக்கர். குருக்கள்மடத்தில் பாதையில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் அங்கே நிற்கலாம். (வெளியூர்க்காரருக்கு ஒரு சொல்: இந்தப் பாதை ரோட்டு இல்லை, ஆளையும் வாகனத்தையும் ஏற்றிப்போகும் மிதவை.) தூரம் அவ்வளவுதான். ஆனால் இரண்டு காணியின் மண்ணுக்கும் ஒரு சொந்தமும் கிடையாது. அதை விளங்கிக்கொள்ள எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் பிடித்தது. செத்த மரங்களின் கணக்கையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன்.

2012 இல் மாமாவுக்கு முழங்கால் ஏலாமல் போனது. அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்துகொண்டே தோட்டத்தைக் கையில் எடுத்தேன். அதுவரை மாமாவும் மாமியும் இரண்டு கையிலும் பூவாளி தூக்கி ஊற்றித்தான் மிளகாயும் வெங்காயமும் கத்தரியும் எடுத்தார்கள். பார்க்கப் பாவமாக இருக்கும். அதனால் முதல் வேலையாக இரண்டு அங்குல மண்ணெண்ணெய் பம்ப் ஒன்று வாங்கினேன். அலுவலகத்துக்குப் போகிறவனுக்கு நாள்தோறும் இறைக்க நேரமில்லை. மூன்று நாளைக்கு ஒருக்கால், விடியப்புறம் இரண்டு மணித்தியாலம், பாத்தி நிரம்ப நிரம்ப விடுவேன். தண்ணீர் ஓடுவதைப் பார்க்க மனதுக்கு ஒரு நிறைவு.

முதல் நாள் பயிர் துள்ளிக்கொண்டு நிற்கும். இரண்டாம் நாள் பரவாயில்லை. மூன்றாம் நாள் பத்து மணிக்கெல்லாம் மிளகாய் இலை சுருண்டுவிடும். தண்ணீர் காணாது என்று நினைத்து இன்னும் அரை மணித்தியாலம் கூட்டினேன். ஒரு போகம் இப்படியே போனது. அடுத்த ஆடியில் வெங்காயத்தாள் நுனி எல்லாம் மஞ்சளாகி, பிறகு வெள்ளையாகக் கருகியது. பசளை காணாதாக்கும் என்று யூரியா போட்டேன். கருகல் கூடியதே தவிரக் குறையவில்லை.

ஒருநாள் காலையில் மாமி கிணற்றடியில் வாய் கொப்பளித்துவிட்டு நின்று யோசித்தார். "மகன், தண்ணி கரிக்குது" என்றார். நானும் குடித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. "எனக்குத் தெரியல்லையே மாமி" என்றேன். "நீங்க பம்ப போடுறத்துக்கு முந்திக் குடிச்சுப் பாருங்க, போட்டு முடியக் குடிச்சுப் பாருங்க" என்றார். குடித்துப் பார்த்தேன். அப்போதுதான் வித்தியாசம் நாக்கில் பட்டது.

விவசாயப் போதனாசிரியர் ஒருவர் கையடக்க ஈ.சி. மீட்டர் வைத்திருந்தார். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதை மின்சாரம் கடத்தும் அளவை வைத்துக் காட்டும் சின்னக் கருவி. விடியற்காலைத் தண்ணீர் 0.9 காட்டியது. இரண்டு மணித்தியாலம் இறைத்த பிறகு அதே கிணறு 2.8. அவர் சொன்ன அளவு இன்றைக்கும் கிணற்றடிச் சுவரில் கரியால் எழுதிக் கிடக்கிறது: போஞ்சி 0.7, வெங்காயம் 0.8, மிளகாய் 1.0, பீற்றூட் 2.7. தண்ணீர் அந்த எண்ணைத் தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்கும் என்று அர்த்தம். தாண்டிய உடனே பயிர் சாகாது. மணலில் உப்பு தங்காமல் கழுவப்படுவதால் எங்களுக்குக் கொஞ்சம் சலுகையும் உண்டு. ஆனாலும் 2.8 என்பது வெங்காயத்துக்குச் சரியான அநியாயம்.

அது ஏன் அப்படி என்று அவர் மணலில் குந்தி இருந்து குச்சியால் கீறிக் காட்டினார். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலம்தான் எங்கள் ஊர்கள். மட்டக்களப்பில் வருஷத்துக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது, அதில் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து தைக்குள் கொட்டிவிடும். அந்த மழை மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. உப்புத் தண்ணீருக்குப் பாரம் கூட, அதனால் அது கீழே. நல்ல தண்ணீரின் மட்டம் கடல் மட்டத்தைவிட ஓர் அடி உயர்ந்திருந்தால் அடியில் ஏறத்தாழ 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்று ஒரு கணக்கு உண்டு. கேட்கச் சந்தோஷமாக இருக்கும். அதையே தலைகீழாகப் பிடியுங்கள். பம்ப் போட்டு அந்த மட்டத்தை ஓர் அடி இறக்கினால், அடியில் இருக்கும் உப்பு 40 அடி மேலே ஏறப் பார்க்கும். ஒரு நாளில் ஏறிவிடாது. ஆனால் கிணற்றுக்கு நேர் கீழே புற்றுப்போலக் கூம்பி எழும்பும். நான் இறைத்த இரண்டரை மணித்தியாலமும் அந்தப் புற்றைத்தான் வளர்த்துக்கொண்டிருந்தேன்.

இதைக் கேட்டதும் மாமி சுனாமிக் கதையைச் சொன்னார். 2004 மார்கழி (டிசம்பர்) 26 இல் கடல் கிணறுகளுக்குள் புகுந்தது. பிறகு வந்தவர்கள் எல்லாம் பம்ப் பூட்டிக் கிணற்றை இறைத்து இறைத்துத் துப்புரவு செய்தார்கள். சேறும் குப்பையும் போகும்வரை அது சரி. அதற்குப் பிறகும் "உப்புப் போகட்டும்" என்று இறைத்த கிணறுகளில் உப்புக் கூடியது. சும்மா விட்ட கிணறுகள் மாரி மழையால் மெல்ல மெல்ல இனித்தன. எங்கள் கிணறு இரண்டு மாரி கண்ட பிறகுதான் பழைய தண்ணீருக்கு வந்ததாம். மாமிக்கு நாக்கில் அந்தக் கணக்கு இருந்தது, எனக்குத்தான் பம்ப் இருந்தது.

சரி, எவ்வளவு இறைக்கலாம்? முதலில் எவ்வளவு இறைக்கிறோம் என்று தெரிய வேண்டும். இதற்குச் செலவே இல்லை. 210 லீற்றர் தகரப் பரல் ஒன்றைக் குழாய் வாயில் வைத்து நேரம் பிடித்தேன். 30 செக்கனில் நிரம்பியது. அப்படியென்றால் நிமிடத்துக்கு 420 லீற்றர், இரண்டு மணித்தியாலத்துக்கு 50,000 லீற்றர் சொச்சம். அரை ஏக்கர் என்பது ஏறத்தாழ 2,000 சதுர மீற்றர். அதில் ஒரு மில்லிமீற்றர் தண்ணீர் நிற்கவைத்தால் 2,000 லீற்றர். ஆக நான் ஒரு தடவைக்கு 25 மில்லிமீற்றர் விட்டிருக்கிறேன்.

வெயில் காலத்தில் பயிரும் மண்ணும் சேர்ந்து ஒரு நாளைக்கு இழுப்பது 5 மில்லிமீற்றர் அளவு. மூன்று நாளைக்கு 15. எங்கள் மணலில் ஓர் அடி ஆழத்துக்குள், அதாவது வெங்காய வேரும் இளம் மிளகாய் வேரும் இருக்கும் இடத்துக்குள், பயிர் எடுக்கக்கூடியதாகத் தங்குவதும் கிட்டத்தட்ட அந்தப் 15 தான். மிச்சப் பத்து, லீற்றரில் சொன்னால் 20,000, வேரைத் தாண்டிக் கீழே போய்விடும். போட்ட யூரியாவையும் கையோடு கூட்டிக்கொண்டு போகும். பிறகு மூன்றாம் நாள் மண்ணில் ஒன்றும் இருக்காது. வாடுவதற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை.

அதன் பிறகு நாளுக்கு 24 நிமிடம். அவ்வளவுதான். காலையில் அலுவலகம் போக முன் 12, மாலையில் வந்து 12. மூன்று நாளைக்கு 120 நிமிடம் ஓடிய பம்ப் 72 நிமிடம் ஓடியது. மூன்றாம் நாள் வாட்டம் அந்தக் கிழமையோடு நின்றது. இடையில் கிணறு ஊறுவதற்கு நேரம் கிடைப்பதால் மாலைத் தண்ணீர் 1.2 ஐத் தாண்டவில்லை. மண்ணெண்ணெய்க் காசு மிஞ்சியது தனிக் கதை. ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: உச்சி வெயிலில் இலைக்கு மேலே தூவாதீர்கள். தண்ணீர் காய்ந்து உப்பு இலையில் படியும், நுனி கருகும். வேரடியில் விடுங்கள்.

கிணற்றை ஆழமாக்கச் சொன்னவர்கள் பலர். குழாய்க் கிணறு அடிக்கச் சொன்னவர்களும் உண்டு. நல்ல தண்ணீர் மேலே மிதக்கிற இடத்தில் ஆழம் போவது உப்பைத் தேடிப் போகிற வேலை. மாமியின் தகப்பனார் காலத்தில் இந்த மணலில் பூவல் என்ற சின்ன ஊற்றுக்குழி தோண்டித்தான் தண்ணீர் எடுத்தார்கள். தோட்டத்துக்குத் துரவு. அகலமாக, ஆழமில்லாமல், படி வைத்து இறங்கி அள்ளுகிற மாதிரி. அந்த மனிதர் ஈ.சி. மீட்டரைக் கண்டிருக்கமாட்டார். நான் செய்தது அதன் புதுப் பிரதிதான். பழைய கிணற்றிலிருந்து 60 அடி தள்ளி, சீமெந்து வளையம் இறக்கி, ஆழமில்லாத இரண்டாவது கிணறு ஒன்று. காலையில் ஒன்றில், மாலையில் மற்றதில். அதே அளவு தண்ணீர் இரண்டு வாயால் வருவதால் எந்தக் கிணற்றிலும் மட்டம் பெரிதாக இறங்குவதில்லை.

தண்ணீர்க் கணக்கு அதோடு ஓரளவு சரி. ஆனால் அந்தப் 15 மில்லிமீற்றரைக் கொஞ்சமாவது கூட்ட முடியாதா என்ற கேள்வி இருந்தது. மணலுக்குத் தண்ணீரைப் பிடித்துவைக்க வயிறு இல்லை. அந்த வயிற்றை நாங்கள்தான் வைக்க வேண்டும்.

முதல் வருஷம் ஆசையில் கோழி எரு வாங்கினேன். பண்ணையிலிருந்து அன்றைக்கு அள்ளிய பச்சை எரு, மலிவாகக் கிடைத்தது. கத்தரிக் கன்று நட்ட பாத்திக்குப் போட்டு ஐந்தாம் நாள், கன்றுகள் வெந்நீர் ஊற்றினது போலத் தொய்ந்தன. பச்சைக் கோழி எரு சூடு மட்டும் இல்லை, அதில் உப்பும் கூட. ஏற்கனவே உப்போடு சண்டை பிடிக்கிற மண்ணில் இன்னும் உப்பை நானே காசு கொடுத்துக் கொட்டியிருக்கிறேன். இப்போது கோழி எருவை வைக்கோலோடு கலந்து, மழை படாமல் மூடி, இரண்டு மூன்று மாதம் புளிக்கவிட்டுத்தான் தொடுகிறேன். சூடு ஆறி, மண் வாசம் வந்தால் சரி.

மாட்டெரு படுவான்கரைப் பட்டிகளில் இருந்து வருகிறது. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, பாதையில் கொண்டுவருகிறோம். அதோடு உமிக்கரி. அரிசி ஆலைகளில் உமி மலைபோலக் கிடக்கும் மாவட்டம் இது. ஓட்டை போட்ட தகரப் பரலுக்குள் நெருப்பு மூட்டி, சுற்றிவர உமியைக் குவித்தால் உள்ளிருந்து வெளியே கறுத்துக்கொண்டு வரும். முழுக்கக் கறுத்தவுடன் தண்ணீர் தெளித்து அணைத்துவிட வேண்டும். கொஞ்சம் அயர்ந்தால் சாம்பலாகிவிடும். நான் முதல் தடவை தேநீர் குடிக்கப் போய் அப்படித்தான் கிடைத்தது, ஒரு குவியல் வெள்ளைச் சாம்பல். கரியை எருவோடு கலந்து ஊறவைத்துப் போட்டால் மணலில் நெடுநாள் நிற்கிறது.

எரு மட்டும் நிற்பதில்லை. இதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை. "மணலுக்கு எருவைப் போட்டு மண்ணைத் திருத்திவிட்டேன்" என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். எங்கள் வெக்கையில், எந்நேரமும் ஈரமாக்கும் மணலில், எரு அடுத்த போகத்துக்குள் கரைந்து காணாமல் போகும். ஒவ்வொரு போகமும் போட வேண்டும், நெல்லுக்கு நாற்று போடுகிற மாதிரி வழக்கமாக.

தென்னைக்கு வேறு முறை. மரத்திலிருந்து ஆறு அடி தள்ளி அகழி வெட்டி, பொச்சுமட்டையை (தேங்காய் உரித்த மட்டையை) அடுக்கி மூடினேன். குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கினால் மழைத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். வைகாசிக்குப் பிறகு தோண்டிப் பார்த்தால் மேல் மணல் தூளாகப் பறக்கும், மட்டைக்குள் கையைவிட்டால் குளிரும். வேர் எல்லாம் அங்கேதான் போய்ச் சுருண்டு கிடக்கும்.

வைக்கோல் மூடாக்கு பாத்திக்கு. இதில் என் எதிரி கச்சான். (கச்சான் என்றால் எங்களுக்கு மேற்கிலிருந்து அடிக்கும் வரண்ட காற்றும் அதுதான், கொறிக்கும் நிலக்கடலையும் அதுதான். இரண்டும் ஒரே காலத்தில் வரும், ஒன்றை மட்டும்தான் விரும்புவோம்.) முதல் கச்சானில் வைக்கோல் எல்லாம் அயல் வேலியில் போய்த் தொங்கியது. அதற்குப் பிறகு வைக்கோலை நனைத்துப் போட்டு மேலே தென்னோலையைக் குறுக்கே வைக்கிறேன். மேற்கு வேலியில் கிளிரிசிடியாவும் பூவரசும் நட்டு நெருக்கினேன். காற்றும் அடங்கியது, வருஷத்துக்கு மூன்று நாலு தடவை வெட்டிப் போடக் குழையும் கிடைத்தது. வைக்கோலில் கறையான் வரும், சில நேரம் நெல்லும் முளைக்கும். பொறுத்துக்கொள்ளலாம்.

யூரியாவையும் விட்டுவிடவில்லை. நூறு கிலோ யூரியாவில் 46 கிலோதான் நைதரசன், அதையும் மணலில் ஒரே தடவையில் போட்டால் கிணற்றுக்குத்தான் போகும். அதே கிணற்றுத் தண்ணீரைத்தான் வீட்டில் குடிக்கிறோம். நைத்திரேற்று கூடிய தண்ணீர் கைக்குழந்தைக்கு ஆகாது, பாலுக்குக் கலக்கக் கூடாது என்று மருத்துவிச்சி அம்மா சொல்லித்தான் எனக்கும் உறைத்தது. இப்போது ஒரு தடவைக்குப் போட்டதை நாலாகப் பிரித்து, தண்ணீர் விட்ட பிறகு, வேருக்குப் பக்கத்தில்.

2021 இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தபோது ஊரே தடுமாறியது. அந்த வருஷக் கடைசியில் தடையை விலக்கினாலும் போகம் போய்விட்டது. எங்கள் தோட்டமும் தப்பவில்லை, மிளகாய் வழக்கத்தில் பாதிதான். ஆனால் ஏழெட்டு வருஷமாக எருவும் கரியும் கண்ட பாத்திகளுக்கும், முந்திய வருஷம்தான் திருத்திய மூலைக்கும் இருந்த வித்தியாசத்தைத் தெருவில் போகிறவரும் சொல்லுவார். சேதனப் பசளை நல்லதுதான். அதை வர்த்தமானி அறிவித்தலால் ஒரே போகத்தில் மண்ணுக்குள் வைக்க முடியாது.

இனி அக்கரைக் கதை. மணலில் கொஞ்சம் கை வந்ததும் எனக்குத் துணிவு கூடியது. அப்பாவின் மேட்டுக்காணியில் பழத்தோட்டம் வைப்போம் என்று 2014 இல் 48 குழி வெட்டினேன். 20 தேசி (எலுமிச்சை), 16 டிஜேசி மா ஒட்டு, 12 கொய்யா. மூன்று அடி அகலம், மூன்று அடி ஆழம். எழுவான்கரையில் பழகின மாதிரியே குழிக்குள் மணலும் எருவும் உமிக்கரியும் நிரப்பி, அருமையாக நட்டேன். குழிக்குக் குழி மண்ணெண்ணெய்த் தகரத்தால் தண்ணீர் சுமந்து ஊற்றினேன். கன்று எல்லாம் பச்சைப் பசேல் என்று நின்றன. வயல் வேலைக்கு வந்த முல்லைக்காரர் ஒருவர் வரம்பில் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, பானையில நட்டிருக்கீங்க" என்றார். எனக்குப் பாராட்டாகத்தான் கேட்டது.

அந்த மார்கழி மழை நினைவிருக்கும், நாள் கணக்கில் விடவில்லை. வெள்ளம் வற்றி, பாதை ஓடத் தொடங்கிப் போய்ப் பார்த்தால் தேசி இலை உதிர்த்து நிற்கிறது. மா வாடி நிற்கிறது, தண்ணீருக்கு நடுவில் வாடல். ஒரு தேசியைப் பிடித்து இழுத்தேன், மயிர் பிடுங்குவது போல வந்தது. வேர் கறுத்து, தோல் உரிந்து, சேற்று நாற்றம். குழிக்குப் பக்கத்தில் ஓர் அடி தள்ளித் தோண்டிப் பார்த்தேன். அங்கே களி ஈரமாக இருந்தது, தண்ணீர் இல்லை. குழிக்குள் மட்டும் தண்ணீர் தளும்பியது. சுற்றிவரக் களி, நடுவில் மணலும் எருவும். மேலே விழுந்த மழை எல்லாம் இளகின இடத்தைத் தேடி வந்து நிற்கும், வெளியே போக வழியில்லை. முல்லைக்காரர் பானை என்று சொன்னது இதைத்தான்.

மிஞ்சியது 9 கொய்யா, 3 மா, 1 தேசி. கொய்யா ஈரத்தைத் தாங்கும் மரம், அதனால் பிழைத்தது. என் கெட்டித்தனம் அதில் ஒன்றும் இல்லை.

இப்போது எந்தக் காணிக்குப் போனாலும் நடுவதற்கு முன் ஒரு சோதனை செய்கிறேன். ஓர் அடி ஆழத்துக்குச் சின்னக் குழி. ஒரு தடவை தண்ணீர் நிரப்பி ஊறவிட்டு, இரண்டாம் தடவை நிரப்பி நேரம் பார்ப்பது. எங்கள் மணலில் ஒரு வெற்றிலை போட்டு முடிவதற்குள் தண்ணீர் போய்விடும். அக்கரைக் களியில் மறுநாள் காலையிலும் பாதி நின்றது. இவ்வளவு லேசான வேலையை 48 குழி வெட்ட முன் ஏன் செய்யவில்லை என்று மனைவி இன்றைக்கும் கேட்கிறார்.

இரண்டாம் தடவை குழியே வெட்டவில்லை. மேல் மண்ணைச் சுற்றிவர இருந்து இழுத்து, எருவைக் கலந்து, இரண்டு அடி உயரம், ஆறு அடி அகலத்தில் மேடு கட்டி அதன் தலையில் நட்டேன். மேட்டுக்குக் கீழே களியை மண்வெட்டியால் கொத்திச் சொரசொரப்பாக்கியதோடு சரி. ஒட்டு இடம் மண்ணுக்கு மேலே நன்றாகத் தெரிய வேண்டும், தேசிக்கு அது உயிர் பிரச்சினை. அடிமரத்தில் ஈரமண் முட்டினால் அழுகல் ஏறிவிடும். இரண்டு வரிசைக்கு ஒரு வடிகால், எல்லாம் சேர்ந்து வயல் பக்கத்து வாய்க்காலுக்கு. சாய்வு பார்க்க மேசன்மார் பாவிக்கும் தண்ணீர் மட்டக் குழாயை இரவல் வாங்கினேன். கண்ணால் பார்த்து வெட்டிய முதல் வடிகாலில் தண்ணீர் தோட்டத்துக்குள்ளேதான் திரும்பி வந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

களியில் எப்போது வேலை செய்வது என்பது தனிப் படிப்பு. ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். தட்டையாக ஒட்டினால் அன்றைக்குக் காணிக்குள் கால் வைக்காதீர்கள். உதிர்ந்தால் மண்வெட்டியை எடுக்கலாம். கல்லுப் போல உருண்டால் காலம் கடந்துவிட்டது. ஈரத்தில் உழவு இயந்திரத்தை இறக்கி ஒரு மூலையை நான் செங்கல் போல ஆக்கிவைத்திருக்கிறேன், நாலு வருஷமாகியும் அங்கே புல்லும் சரியாக இல்லை.

தண்ணீர் விடுவதும் நேர் எதிர். மணலில் நாளுக்கு இரண்டு தடவை என்றால் இங்கே எட்டுப் பத்து நாளைக்கு ஒருக்கால், மெல்ல, மேட்டின் விளிம்பில். வெடிப்பு விழ விடக் கூடாது. வெடித்த பிறகு ஊற்றினால் தண்ணீர் வெடிப்பு வழியே அடிக்கு ஓடிவிடும், வேர் அறுந்தது அறுந்ததுதான். வைக்கோலை இங்கேயும் போடுகிறேன், ஆனால் மாரி தொடங்க முன் அடிமரத்தைவிட்டு இரண்டு அடி விலக்கிவிடுவேன். இரண்டு காணிக்கும் சொட்டுநீர்க் குழாய் போட்டுப் பார்த்தேன். எழுவான்கரையில் கிணற்று இரும்புத் துரு ஒரே போகத்தில் துவாரங்களை அடைத்தது. வடிகட்டி வைத்து, கிழமைக்கு ஒருக்கால் கடைசி மூடியைத் திறந்து கழுவ நேரமுள்ளவர்கள் போடலாம்.

வாவிப் பக்கத்துக் கீழ் மூலையில் சித்திரைக்குப் பிறகு வெள்ளையாக உப்புப் பூக்கும். அதோடு நான் சண்டை பிடிக்கவில்லை. ஐந்து தென்னை வைத்துவிட்டேன். வாவித் தண்ணீர் மாரியில் குடிக்கலாம் போல இருக்கும், கோடையில் கடல் ஏறி உவர்த்துவிடும். ஆனியில் அதை அள்ளி மாமரத்துக்கு ஊற்றிய ஒருவரை எனக்குத் தெரியும்.

2024 கார்த்திகைக் கடைசியில் மட்டக்களப்பு, அம்பாறை வயல்கள் எல்லாம் வெள்ளத்தில் கிடந்தபோது எங்கள் வடிகாலும் நிரம்பி வழிந்தது. மூன்று நாள் மேடுகள் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன. 31 மரத்தில் இரண்டு போனது.

கடைசியாக ஒரு விஷயம் இன்னும் முடியாமல் இருக்கிறது. படுவான்கரையில் போகம் தொடங்க முன் ஆரம்பக் கூட்டம் வைப்பார்கள். எந்தத் திகதியில் குளம் திறப்பது, யாருடைய வட்டைக்கு (வயல் தொகுதிக்கு) முதலில் தண்ணீர், எல்லாம் கதைத்து முடிவெடுத்து, தண்ணீருக்குப் பொறுப்பான வட்டவிதானை அதைப் பார்த்துக்கொள்வார். கேட்காமல் வாய்க்காலை வெட்டினால் சண்டைதான். அதே ஆட்கள்தான் எழுவான்கரையில் தோட்டம் செய்கிறார்கள். இங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை, "என் கிணறு, என் பம்ப்". ஆனால் மணலுக்குள் மிதக்கும் தண்ணீருக்கு வேலி இல்லை. விடியற்காலை ஆறு மணிக்கு ஐந்து தோட்டத்து பம்பும் ஒன்றாக உறுமினால் ஐந்து கிணற்றிலும் உப்பு ஏறுகிறது, மீட்டரில் அது நன்றாகவே தெரிகிறது.

போன வருஷம் அயலில் நாலு பேரோடும் கதைத்தேன். இரண்டு பேர் முறை வைத்து இறைக்கச் சம்மதித்தார்கள், ஒருவர் காலை, ஒருவர் மாலை. மூன்றாமவர் பார்ப்போம் என்றார். நாலாமவர் 40 அடிக்குக் குழாய்க் கிணறு அடிக்கக் காசு கட்டியிருந்தார். அடித்தும் விட்டார். போன ஆவணியில் ஒரு காலை, போத்தல் ஒன்றில் தண்ணீரோடு வேலிக்கு அங்கால் நின்றார். "மாமி, இத ஒருக்காக் குடிச்சுப் பாருங்க" என்றார். மாமி ஒரு மிடறு வாயில் வைத்துத் துப்பிவிட்டு, பம்ப் எத்தனை மணிக்குப் போட்டாய் என்று கேட்டார்.